ஒலியை ஏவும் நேயர்: ஒரு வரலாற்று நோக்கு

ஒலிபரப்புபவரே செயற்படுபவர், கேட்பவரோ வாளாவிருந்து பெற்றுக்கொள்பவர் என்னும் எண்ணம் வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய எழுத்துக்களிற் பரவலாகக் காணப்படுவதொன்றாகும். வானொலியின் வரலாறு எழுதப்படும்போது நிலையம் நிறுவப்பட்ட ஆண்டு, அலைவரிசை, பணிப்பாளர், புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆகிய செய்திகள் தவறாது இடம்பெறுகின்றன. பெட்டியின் மறுபுறத்தே அமர்ந்திருந்தோர் 'நேயர் பல இலட்சம்' என்ற ஓர் எண்ணாக மாத்திரமே அவ்வரலாற்றினுள் நுழைகின்றனர். ஆயின் அவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாரல்லர். எந்த ஒலி எப்போது எழவேண்டும் என்பதிலே தமக்கும் பங்கு வேண்டுமென அவர்கள் இடையறாது முயன்றுவந்துள்ளனர். பல வேளைகளில் அதனைப் பெற்றுமுள்ளனர். அம்முயற்சியின் வரலாற்றை எமக்கு நெருக்கமான சில எடுத்துக்காட்டுக்களைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

இப்பொருளில் எனக்கு நாட்டம் உண்டானமைக்குக் காரணம் நூலகமன்று. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் அடுத்த வீடேயாகும். அவ்வீட்டு இளைஞர் இரவு வேளைகளிற் கணினி விளையாட்டுக்களை ஆடி, அதனை இணையத்தில் நேரலையாகக் காட்டிவருகிறார். பார்ப்போர் தொகை பெரிதன்று. ஆயினும் அவர்கள் மட்டக்களப்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கின்றனர். திரையின் ஓரத்தே ஓடிக்கொண்டிருக்கும் உரையாடற் பத்தியில் அவர்களுள் ஒருவர் ஒரு வியப்புக்குறியையும் அதனையடுத்து ஒரு சொல்லையும் எழுதினால், அச்சொல்லுக்குரிய ஒலி நேரலையில் எழுகிறது. சங்கு என எழுதினாற் சங்கு முழங்கும். சேவல் என எழுதினாற் சேவல் கூவும். விளையாட்டில் அவர் தோற்குந்தறுவாயிற் பறையொலியை ஏவி நகைப்பவரும் உளர். அவ்வட்டவணையில் 'கோச்சி' என்றொரு சொல்லும் உண்டு. எங்கள் தொடர்மாடிக்குக் கீழே, கடலையொட்டிச் செல்லும் காலிப் பாதையிலே புகையிரதம் ஊதிக்கொண்டு போகும் ஓசையை அவ்விளைஞர் தம் சாளரத்திலிருந்து கைப்பேசியிற் பதிவுசெய்து அட்டவணையிற் சேர்த்துள்ளார். வெளிநாட்டிலிருப்போரே அதனை மிகுதியாக ஏவுகின்றனர் என்று அவர் எனக்குக் கூறினார்.

இதன் பொறிமுறை எளிது. உரையாடற் பத்தியை இடைவிடாது வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு தானியங்கிச் செயலி உண்டு. வியப்புக்குறியோடு தொடங்கும் சொல்லைக் கண்டதும் அது தன் அட்டவணையோடு ஒப்பிடுகிறது. பொருந்துமாயின் முன்னரே சேமித்துவைத்த ஒலிக்கோப்பை இயக்குகிறது. அவ்வொலி விளையாட்டின் ஓசையோடும் ஆடுபவரின் குரலோடும் கலந்து எல்லோருக்கும் செல்கிறது. ஒருமுறை ஏவிய ஒலியை மறுமுறை ஏவுதற்கு இத்தனை விநாடி பொறுத்திருத்தல் வேண்டும் என்ற விதியையும், இன்ன தகுதியுடையோரே இன்ன ஒலியை ஏவலாம் என்ற விதியையும் நேரலையை நடத்துபவர் முன்கூட்டியே வகுத்துவிடுவார். நேரலைப் படம் பார்ப்போரைச் சென்றடையச் சில விநாடிகள் செல்லுமாதலால், தாம் ஏவிய ஒலியை அவர்கள் சற்றுத் தாமதித்தே கேட்கின்றனர். உடனடி எனப்படும் இம்முறையிலும் காத்திருத்தல் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும்.

இவற்றுட் புதியது எது? பொறி புதியது. ஏவல் பழையது.

எமது நாடக மரபில் அரங்கிலிருப்போரின் குரல் ஆற்றுகையை மாற்றியமைத்தது என்பது நாடக வரலாறு கற்போர் அறிந்ததே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இசைநாடகங்கள் பெருவழக்குப் பெற்றிருந்தன. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் கொழும்புக்கும் வந்து நடித்தனர். ஜிந்துப்பிட்டிப் பகுதி தமிழ் நாடகங்களுக்குப் பேர்போன இடமாக விளங்கிற்று. அக்கால அரங்கில் 'வன்ஸ்மோர்' என்ற ஆங்கிலக் குரல் எழுந்தால், நடிகர் கதையை நிறுத்திவைத்து அதே பாடலை மீண்டும் பாடுவார். இறந்து கிடந்த பாத்திரம் எழுந்துநின்று மறுபடியும் பாடிவிட்டு மறுபடியும் இறந்த கதைகளை முதியோர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்திலே வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாகத் தோன்றிய மயானகாண்டத்தைப் பல்லாயிரவர் திரும்பத் திரும்பச் சென்று பார்த்தனர். கதை தெரியாமற் சென்றவரெவருமிலர். தாம் அறிந்த பாடலைத் தாம் விரும்பிய இடத்திற் கேட்பதற்கே சென்றனர்.

இவ்விடத்தில் இன்னுமொரு வழக்கம் நோக்கற்பாலது. தமிழ்நாட்டு ஊர்த்திருவிழாக்களில் ஆடப்படும் இசைநாடகங்களில், பார்ப்போர் நடிகருக்குப் பணத்தாளை அன்பளிப்பாக வழங்குவதும், வழங்கியவரின் பெயரை மேடையில் அறிவிப்பதும் உண்டு. அவ்வறிவிப்பின்பொருட்டு நாடகம் சற்றே நின்றுவிடும். கொடுத்தவர் பெறுவது என்ன? பாடலை அவர் தனித்துக் கேட்பதில்லை. அரங்கிலுள்ள அனைவரும் கேட்கின்றனர். அவர் தனித்துப் பெறுவது தம் பெயர் ஊரார் செவியில் விழுந்த நிறைவையே. ஒலியை ஏவுதல் என்பது பெயரை ஒலிக்கச் செய்தலுமாகும் என்னும் இக்கருத்தே பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிற்று.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான ஒரு தொழிலும் தோன்றியிருந்தது. 1820 அளவில் பாரிசு நகரிலே, நாடக அரங்குகளுக்குக் கைதட்டுவோரைக் கூலிக்கு அமர்த்திக்கொடுக்கும் நிலையமொன்று இயங்கியது. பார்வையாளரின் ஒலி அங்கு விலைக்கு வாங்கப்பட்டது. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சாள்ஸ் டக்ளஸ் என்ற பொறியியலாளர் இதனை மேலும் ஒரு படி எடுத்துச் சென்றார். பல்வகைச் சிரிப்புக்களைப் பதிந்துவைத்த பெட்டியொன்றை அவர் அமைத்தார். விசைகளை அழுத்தியதும் இல்லாத கூட்டம் சிரித்தது. ஒருவர் விசையழுத்தப் பல்லோரின் ஒலி எழுந்த அக்கருவியை, பல்லோர் விசையழுத்த ஒருவர் வீட்டில் ஒலி எழும் இன்றைய நேரலையோடு ஒப்பிட்டு நோக்குதல் சுவையானது. ஆயினும் எமது வரலாறு அவ்வழிச் செல்லவில்லை. வானொலி வழியாகவே வந்தது.

இலங்கையில் ஒலிபரப்பு தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹார்ப்பரின் பரிசோதனைகளோடு 1923இல் ஆரம்பித்து, 1925 டிசெம்பர் 16ஆம் நாள் முறையாகத் தொடக்கிவைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் படையினருக்கெனக் கொழும்பில் நிறுவப்பட்ட 'ரேடியோ சியக்' நிலையத்தின் ஆற்றல் வாய்ந்த சாதனங்கள் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் 'ரேடியோ சிலோன்' உருவாயிற்று. 1950 செப்ரெம்பர் 30இல் அதன் வர்த்தக சேவை தொடங்கிற்று. போருக்கெனக் கட்டப்பட்ட கருவி பாட்டுக்கும் பற்பசை விளம்பரத்துக்கும் பயன்பட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

அவ்வேளை இந்தியாவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் இசைச்சுவையைக் கெடுக்கின்றது எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகி மறையலாயின. மக்கள் தம் விருப்பத்தை விட்டுவிடவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பினர். கொழும்பின் சிற்றலை அவர்களுக்குக் கிடைத்தது. 1957 ஒக்ரோபர் 3இல் 'விவித பாரதி' என்னும் பொழுதுபோக்குச் சேவையை இந்திய அரசு தொடக்கியமைக்கு இவ்விழப்பும் ஒரு காரணமாகும். நேயர் ஏவல்களுள் மிகப் பெரியது இதுவென்பேன். எவரும் ஒரு சொல்லும் எழுதாமல், குமிழைத் திருப்பியமையாலேயே ஓர் அரசின் கொள்கை தளர்ந்தது.

எழுதியோரும் இருந்தனர். ரேடியோ சிலோனின் இந்தி ஒலிபரப்பிலே 1952 டிசெம்பர் 3இல் 'பினாக்கா கீத்மாலா' ஆரம்பமாயிற்று. அமீன் சயானி பம்பாயிற் குரல் கொடுத்துப் பதிவுசெய்ய, அந்நாடாக்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டு இங்கிருந்து ஒலிபரப்பாயின. முதலில் அது ஒரு போட்டியாக அமைந்தது. ஒலிபரப்பாகும் ஏழு பாடல்களைக் காலவரிசைப்படுத்தி எழுதுவோருக்கு நூறு ரூபா பரிசு. முதல் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 9,000 கடிதங்கள் வந்தன. பின்னர் அத்தொகை வாரமொன்றுக்கு 65,000 வரை உயர்ந்தது. கையாள முடியாதவாறு கடிதங்கள் பெருகவே, போட்டி கைவிடப்பட்டுப் பாடல்களைத் தரப்படுத்தி வழங்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. தரவரிசைக்கு இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் வாக்கும் ஆதாரமாயின. இந்தியாவின் அப்பிரகச் சுரங்க ஊரான ஜும்ரி தலையா, பாடல் கேட்டு ஓயாது கடிதம் எழுதியமையாலேயே நாடறிந்த பெயராயிற்று. கேட்போர் தொகை ஓர் எல்லையைக் கடந்ததும் தனித்தனி ஏவல்களுக்குச் செவிசாய்ப்பது இயலாது. அவற்றைத் தொகுத்து ஒன்றாக்குபவர் ஒருவர் தோன்றியே தீர்வார். அவர் தொகுப்பதிலே தனிப்பெயர்கள் கரைந்துபோகின்றன. இது மீண்டும் நிகழ்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

தமிழ் வர்த்தக சேவையின் கதை எமக்கு இதனினும் நெருக்கமானது. எஸ். பி. மயில்வாகனம் தொடக்கம் பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம் முதலியோர்வரை அதன் அறிவிப்பாளர் பாக்கு நீரிணையின் இருமருங்கும் வீட்டு மனிதராயினர். 'பொங்கும் பூம்புனல்' கேட்டு விடிந்த காலைகளைப் பற்றித் தமிழ்நாட்டார் இன்றும் எழுதிவருகின்றனர். 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றபோதும் இவ்வுறவு அறுந்துவிடவில்லை.

இவ்வுறவின் நரம்பு தபாலட்டையே. விரும்பிய பாடல், படத்தின் பெயர், அதனை விரும்புவோர் பெயர்கள், ஊர். இவ்வளவையும் ஓரட்டையின் சிறு பரப்பில் நெருக்கி எழுதி அனுப்பினர். அட்டை கொழும்பை அடைய நாட்கள் செல்லும். கலையகத்திற் குவியலினுட் கிடக்கும். அறிவிப்பாளர் கண்ணிற் படவேண்டும். கேட்ட இசைத்தட்டு களஞ்சியத்தில் இருக்கவேண்டும். அதே பாடலைக் கேட்ட வேறு அட்டைகளோடு அது சேர்க்கப்படவேண்டும். ஈற்றில் ஒருநாள், பாடலுக்கு முன்னே பெயர்கள் வாசிக்கப்படும். பெயர்ப்பட்டியல் நீண்டு நீண்டு செல்கையிற் பாடலுக்காகக் காத்திருந்தோர் சலித்துக்கொண்டிருக்கலாம். ஆயின் அட்டை எழுதியவருக்கு அப்பட்டியலே நிகழ்ச்சி; பாடல் அதற்கொரு முடிவுரை.

திரையரங்கே தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது ஆற்றுகைக் களம் எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆய்விற் சுட்டிக்காட்டினார். அரங்கினுள்ளும் முதலாம் வகுப்பும் கலரியும் இருந்தன என்பதை மறத்தலாகாது. வாசிக்கப்பட்ட பெயர்ப்பட்டியலிலோ வகுப்பு இருக்கவில்லை. தோட்டத்து லயன் அறையிலிருந்து எழுதியவரும் யாழ்ப்பாணத்துக் கல்வீட்டிலிருந்து எழுதியவரும் கடலுக்கப்பால் இராமநாதபுரத்திலிருந்து எழுதியவரும் ஒரே மூச்சில், ஒரே குரலில் அழைக்கப்பட்டனர். ஒருவரையொருவர் ஒருபோதும் சந்தித்திராதவர் ஒரு பாடலின் வாயிலில் மூன்று விநாடி அயலவராயினர். இதனை நான் மிகைப்படுத்துவதாக எவரேனும் கருதலாம். எழுத்தறியாதார் அட்டையைப் பிறரைக்கொண்டே எழுதுவிக்கவேண்டியிருந்தது என்பதும், எல்லார் அட்டையும் வாசிக்கப்படவில்லை என்பதும் உண்மையே.

என் அம்மம்மா 1970களில் வடமராட்சியிலிருந்து இவ்வாறு மூன்று அட்டைகள் எழுதினாராம். ஒன்று வாசிக்கப்பட்டது. எந்தப் பாடலுக்கு என வினவினேன். அவருக்கு நினைவில்லை. தமக்கு முன்னே வாசிக்கப்பட்ட பெயர் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது என்பது மாத்திரம் ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் நினைவிலிருக்கிறது. அப்பெண்ணின் பெயரையும் சொன்னார். வரலாற்று மாணவனாகிய எனக்கு இது ஒரு சான்று. தனியொருவரின் நினைவு எதனை நிறுவும் என்ற வினா நியாயமானதே. ஆயினும் பாடல் மறந்து பெயர் நின்றது என்பதனை நான் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

அறிவிப்பாளரை இங்கு வெறும் இடைத்தரகர் எனக் கருதுதல் தவறு. அவர் தாமதப்படுத்தினார், தெரிந்தெடுத்தார், தவிர்த்தார். இத்தவிர்க்கும் உரிமையே பொறுப்பையும் அவர்மீது சுமத்திற்று. பொருந்தாத வேளையிற் பொருந்தாத பாடல் ஒலித்தால் அதற்கு விடையளிக்க வேண்டியவர் அட்டை எழுதியவரல்லர், அவரே. அவ்வாறே அவருடைய கலையகத்துக்கும் எல்லைகள் இருந்தன. களஞ்சியத்தில் இல்லாத இசைத்தட்டை எவரும் ஏவ முடியாது. விளம்பரதாரரின் நேரத்தை எவரும் மீற முடியாது. அரசின் வானொலி சொல்லாததை நேயரின் அட்டை சொல்லவைக்க முடியாது.

போர்க்காலம் இவ்வரலாற்றில் ஒரு முறிவு. 1990இன் பின்னர் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில், மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தமையால், மிதிவண்டியைக் கவிழ்த்துவைத்துச் சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னிலே வானொலி கேட்டனர். ஒருவர் சுற்ற ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். சுற்றுபவர் களைத்தாற் குரல் தேயும். செய்திக்காகவே பெரும்பாலும் அவ்வாறு சுற்றினர். ஒலியைக் கேட்பதற்கே இத்துணை உழைத்த காலத்தில் அதனை ஏவுதல்பற்றி எவர் நினைப்பார்? உலகில் வேறெங்கும் நேயர் தம் வானொலிக்கு இவ்வாறு உடலால் விலை கொடுத்தனரா என நான் அறியேன்.

1990களின் பிற்பகுதியில் தனியார் பண்பலை வானொலிகள் கொழும்பிலே பெருகியபோது தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி பிடித்தது. நேயரின் பெயர் மாத்திரமன்றிக் குரலும் காற்றிலேறிற்று. காத்திருத்தல் நாட்களிலிருந்து நிமிடங்களாகச் சுருங்கிற்று. எனினும், வாய்ப்புப் பெற்ற ஒருவர் பேசும்போது ஏனையோர் தொடர்பு கிடைக்காது கைப்பேசியோடு போராடிக்கொண்டிருந்தனர். பின்னர்க் குறுஞ்செய்தி வந்தது. இக்காலப்பகுதிபற்றி விரித்தெழுத இடமில்லை. தனியாக ஆராயப்படவேண்டியது அது.

இணையத்துக்கு வருவோம். 1988 ஓகஸ்ற் மாதத்திற் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யார்க்கோ ஒய்க்காரினன் என்பவர், பலர் ஒரே வேளையில் எழுத்தால் உரையாடும் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். 'ஐ.ஆர்.சி.' என அறியப்பட்ட அவ்வேற்பாட்டிலே மனிதரோடு தானியங்கிச் செயலிகளும் அமர்ந்திருந்தன. குறித்த அடையாளத்தோடு தொடங்கும் சொல்லைக் கண்டால் அவை விடையிறுத்தன. 2011இல் தொடங்கிய 'ட்விச்' என்னும் நேரலைத் தளம் தன் உரையாடற் பத்திக்கு இவ்வேற்பாட்டையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே எங்கள் அடுத்த வீட்டிற் சேவலைக் கூவச்செய்யும் வியப்புக்குறியின் வேரைத் தேடிச் செல்பவர் பின்லாந்துப் பல்கலைக்கழகமொன்றின் கணினி அறையைச் சென்றடைவார். அதனைத் தோற்றுவித்தவரும் எம்போன்ற ஒரு மாணவரே.

2014 பெப்ரவரி 12இல் அத்தளத்திலே நடைபெறத் தொடங்கிய ஒரு சோதனை, ஏவலின் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. பெயர் வெளியிடாத அவுஸ்திரேலிய நிரலாளர் ஒருவர், 'பொக்கிமோன்' எனும் விளையாட்டைப் பார்ப்போரின் உரையாடற் பத்தியோடு இணைத்துவிட்டார். மேலே, கீழே, இடம், வலம் என அவர்கள் எழுதுவதெல்லாம் விளையாட்டின் விசைகளாயின. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். உச்சவேளையில் ஏறத்தாழ 1,21,000 பேர் ஒருங்கே கூடியிருந்தனர். விளைவு யாது? பாத்திரம் சுவரில் மோதியது, திரும்பியது, மீண்டும் மோதியது. பின்னர் 'மக்களாட்சி' என்றொரு முறை புகுத்தப்பட்டது. குறித்த நேரத்துள் எழுதப்பட்டவற்றுட் பெரும்பான்மை பெற்ற ஏவல் மாத்திரமே நிறைவேறும் என்பது அதன் விதி. ஆச்சரியம் யாதெனில் இதனைப் பலர் எதிர்த்தனர் என்பதே. ஒழுங்கு வந்துவிட்டது, ஆயின் தாம் எழுதிய சொல் உடனே செயலாவதைக் காணும் இன்பம் போய்விட்டது. பழைய முறைக்கு 'அராசகம்' என்று பெயரிட்டு அதற்கே குரல் கொடுத்தனர். பதினாறு நாட்களின் பின், மார்ச் 1இல், விளையாட்டு ஒருவாறு முடிவுற்றது. 65,000 கடிதங்களின் முன் 'கீத்மாலா' எதிர்கொண்ட இடரும் இவ்விடரும் அடிப்படையில் ஒன்றே. முன்னையதில் தொகுப்பாளராக நிகழ்ச்சி நடத்துவோர் வந்தனர். பின்னையதில் வாக்கெண்ணும் நிரல் வந்தது.

அன்பளிப்பும் திரும்பி வந்துவிட்டது. ட்விச் தளம் 2016இல் காசு கொடுத்துப் பெறும் அடையாளங்களை அறிமுகஞ்செய்தது. யூடியூப் தளம் 2017இல் பணஞ்செலுத்தியவரின் செய்தியை நிறமிட்டு உயர்த்திக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. 2019இன் இறுதியில் ட்விச், பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கேற்பப் பார்ப்போருக்குப் புள்ளிகளை வழங்கி, அவற்றைச் செலவிட்டு ஒலியையும் பிறவற்றையும் ஏவ வழிசெய்தது. மேடையிற் பணத்தாளை நீட்டியவரை நினைவூட்டுகின்ற இவ்வழக்கங்களில், இறுதியாகக் கூறியது எனக்குச் சற்று அச்சமூட்டுகிறது. அங்கு செலவாவது பணமன்று, பொழுது. தபாலட்டை எழுதியவர் முத்திரைக் காசைச் செலவிட்டார். காத்திருந்த நாட்களில் வயலுக்கும் பள்ளிக்கும் போய்வந்தார். புள்ளி சேர்ப்பவர் திரையின் முன்னேயே காத்திருக்கவேண்டியவராகிறார்.

இடையில் நின்ற அறிவிப்பாளர் மறைந்துவிட்டார் என்று கூறப்படுகிறது. என் கருத்து அதுவன்று. அவர் விதியாக மாறி மறைந்து நிற்கிறார். எந்த ஒலிகள் அட்டவணையில் உள, எத்தனை விநாடி பொறுக்கவேண்டும், எவருக்கு உரிமையுண்டு என்பவற்றை ஒருவர் முன்பே தீர்மானித்துள்ளார். ஏவும் கணத்தில் அவர் அங்கிருக்கமாட்டார் என்பதொன்றே வேறுபாடு. அவ்வேறுபாடு சிறிதன்று என்பதை அண்மையில் எங்கள் தொடர்மாடியிற் கண்டோம். கீழ்த்தளத்தில் ஒரு செத்தவீடு நிகழ்ந்திருந்தது. இளைஞர் அதனை அறியாது வழமைபோல் நேரலையை ஆரம்பித்துவிட்டார். கீழே தேவாரம் ஓதிக்கொண்டிருக்க, மேலே யாரோ ஒருவர் எங்கிருந்தோ கைதட்டலையும் சேவலையும் ஏவினார். ஒலிபெருக்கி சாளரத்தருகே இருந்தது. ஏவியவர்மீது குற்றமில்லை, அவருக்குச் செத்தவீடு தெரியாது. செயலிமீதும் குற்றமில்லை, அது அட்டவணையைத்தான் அறியும். தாயார் ஓடிச்சென்று மகனிடம் சொல்ல, அவர் எல்லா ஒலிகளையும் நிறுத்தினார். அதன் பின்னரும் உரையாடற் பத்தியில் ஏவற்சொற்கள் வந்துகொண்டேயிருந்தனவாம். ஒலி ஏன் எழவில்லை எனப் பலர் சினந்துமிருக்கின்றனர். மறுநாள் அவ்விளைஞர் கீழ்வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். விடையளிக்கும் பொறுப்பு அறிவிப்பாளரிடமிருந்து அவரிடம் வந்துசேர்ந்திருந்ததை அன்று நான் உணர்ந்தேன்.

சில வாரங்களின் பின் அம்மம்மாவை அவ்வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். நேரலை நடந்துகொண்டிருந்தது. யாரோ கோச்சியை ஏவினர். அம்மம்மா பழக்கத்தாற் சாளரத்தை நோக்கினார், பாதையில் ஒன்றுமில்லை. நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இதை ஆர் கேட்டது? பேரைச் சொல்லேல்லையே தம்பி?" என்று அவ்விளைஞரிடம் வினவினார். பெயர் பத்தியில் இருக்கிறது என்று அவர் திரையைச் சுட்டினார். அதற்குள் வேறு பல வரிகள் வந்து அப்பெயரை மேலே தள்ளிவிட்டிருந்தன. அவர் பின்னோக்கி உருட்டித் தேடினார். கண்டுபிடித்து, ஒலிவாங்கியிலே அப்பெயரை வாசித்து, "ஸ்காபரோவிலிருந்து கேட்டிருக்கிறார்" என்றார். பத்தியில் ஓர் ஆரவாரம் எழுந்தது. அடுத்தடுத்துப் பலர் கோச்சியை ஏவினர். ஒவ்வொருவரும் தத்தம் ஊரையும் சேர்த்து எழுதியிருந்தனர். தற்போதைய ஊரையன்று. கோண்டாவில், கல்முனை, நல்லூர், கொட்டாஞ்சேனை என எழுதியிருந்தனர்.

அவ்விரவின் உரையாடற் பத்தியை எனக்குத் தரமுடியுமா எனக் கேட்டேன். தாம் அவற்றைச் சேமித்துவைப்பதில்லை என்றும், பதிவான நேரலையும் சில நாட்களில் தளத்திலிருந்து அழிந்துவிடும் என்றும் கூறினார். பத்தி அழியுமுன் அவருடைய கணினியின் முன் அமர்ந்து, ஏவிய நேரம், ஏவிய சொல், எழுதப்பட்ட ஊர் ஆகியவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியிற் கையாற் பெயர்த்தெழுதிக்கொண்டேன். பன்னிரண்டு பக்கங்கள் நிறைந்தன. வானொலி நிலையத்துக்கு வந்த தபாலட்டைகளும் வைத்துக்கொள்வதற்கென எழுதப்பட்டவையல்ல. வாசித்ததும் அவற்றின் வேலை முடிந்தது. அம்மம்மாவின் மூன்றட்டைகளுள் ஒன்றேனும் எங்காவது எஞ்சியிருந்து என் கைக்குக் கிட்டுமாயின், அதனை இக்கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டிவைப்பேன்.